லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

எங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு தடவதான் பெரிய டாக்டர்கிட்ட போனாரு. அந்த ஒரு தடவய வச்சுக்கிட்டு எட்டு வீட்டுக்கு டாக்டரா உக்காந்துட்டாரு. ஆளப் பாருங்க!

பெங்களூர் ஆடுகோடியில ஒரு லேத்துப் பட்டறையில அவரு டர்னர். நாங்க குடியிருந்தது பட்டறைக்குப் பின்னால, ஒரே கேட்டுக்குள்ள எட்டு வீடு இருக்கிற காம்பவுண்டு. தொண்ணூத்தி ரெண்டுல, எனக்கு ஒம்பது வயசு. அப்பாவுக்குத் தொண்டையில சீழ் வச்சு எச்சில்கூட முழுங்க முடியாமப் போச்சு. பட்டறை மொதலாளி தனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர்கிட்ட, மல்லேஸ்வரத்துக்கு அனுப்பினாரு. ரெண்டு பஸ் மாறிப் போயி, அரை நாள் காத்துக்கிடந்து, சீட்டு வாங்கிட்டு வந்தாரு. அமாக்ஸிசிலின் கேப்ஸ்யூல், ஐநூறு மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு, ஏழு நாளைக்கு. சாப்பிட்டாரு, சரியாப் போச்சு. ஏழு நாளும் சாப்பிட்டாரான்னு கேட்டா, நாலாம் நாளே நிறுத்திட்டாருன்னு எங்கம்மா அடிச்சுச் சொல்லுவாங்க. மிச்சம் இருந்தத பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சாரு.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. மனுஷன் அந்தச் சீட்ட எடுத்துட்டுப் போயி, பஸ் ஸ்டாப்புகிட்ட இருந்த ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போட்டுட்டு வந்தாரு. எங்க ரேஷன் கார்டு நாலா மடிஞ்சு நூலா பிரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதுக்குப் போடல. கல்யாண போட்டோ கரையான் தின்னுக்கிட்டு இருந்துச்சு, அதுக்குப் போடல. மருந்துச் சீட்டுக்குப் போட்டாரு! "ஒவ்வொரு வாட்டியும் மல்லேஸ்வரம் வரைக்கும் போயி உக்காந்துக்கிட்டு இருக்க முடியுமா? அவரு எழுதிட்டாரு, அவ்ளோதான். எல்லாத் தொண்டையும் தொண்டதானே?"ன்னாரு. சாமி படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டினாரு.

காம்பவுண்டு சும்மா இருக்குமா? ஒருத்தருக்கு இருமல், ஒருத்தருக்கு பல்லு வலி, இன்னொருத்தருக்கு முதுகுல கட்டி. "அண்ணா, அந்தச் சீட்ட கொஞ்சம் குடுங்களேன்"னு வாசல்ல வந்து நிப்பாங்க. மூக்கு ஒழுகினாலும் அதே சீட்டு, வயித்தால போனாலும் அதே சீட்டு. முனையில இருந்த மெடிக்கல் ஷாப்புக்காரரு அந்தப் பிளாஸ்டிக்க தூரத்துல பாத்ததுமே ஸ்ட்ரிப்ப கத்தரிக்க ஆரம்பிச்சுடுவாரு. பேரு என்ன, வயசு என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டு என்ன ஆகப்போவுது, வந்து நிக்கிறது எல்லாம் படிச்ச மேதைங்க!

அப்பா சும்மா சீட்டக் குடுத்து அனுப்ப மாட்டாரு. கால் மேல கால் போட்டு உக்காந்து வைத்தியம் சொல்லுவாரு. "ரெண்டு நாளு போதும். ஏழு நாளுன்னு எழுதறதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் விக்கிறதுக்காக. ஜுரம் போச்சா, நிறுத்து. சும்மா உடம்புல மருந்த ஏத்தக்கூடாது." எல்லாரும் தலையாட்டுவாங்க. பக்கத்து வீட்டு டெய்லரம்மாவுக்கு ரெண்டாவது கேப்ஸ்யூல்லயே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வந்து சொறிஞ்சுக்கிட்டு நின்னாங்க. அந்த மருந்து அவுங்களுக்கு ஒத்துக்கல, இன்னொரு தடவ தொட்டா உயிருக்கே ஆபத்துன்னு சொல்ல அங்க ஒரு ஆள் இல்ல. "சூடும்மா, மோர் குடி"ன்னு எங்கப்பா சொன்னாரு. அவுங்களும் குடிச்சுட்டுப் போனாங்க.

அந்த வருஷ மழையில எனக்குத் தொண்ட வலி வந்துச்சு. சளி இல்ல, இருமல் இல்ல, நல்ல ஜுரம், கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருந்துச்சு. அப்பா பிஸ்கட் டப்பாவத் தொறந்தாரு. "கொழந்தைக்கு பாதி போதும்"னு கேப்ஸ்யூலப் பிரிச்சு, பவுடர ஸ்டீல் தட்டுல கொட்டி, பிளேடால சரிபாதியா கோடு போட்டாரு. லேத்துல அளவெடுக்கிற மனுஷன் இல்லையா, அதுல மட்டும் ஒரு பிசிறு இருக்காது. அம்மா அத சக்கரையில கொழச்சு ஊட்டினாங்க. கசப்புல நான் துப்பினது பாதி, முழுங்கினது பாதி. மூணாம் நாள் காலையில ஜுரம் இல்ல. "பாத்தியா!"ன்னு அம்மாவப் பாத்து அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே, எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும். மிச்ச கேப்ஸ்யூல திருப்பி டப்பாவுல போட்டாரு. நான் ஸ்கூலுக்குப் போனேன்.

மூணு வாரம் கழிச்சு வலது முட்டி வீங்கிச்சு. வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்னாங்க. ரெண்டு நாள்ல முட்டி சரியாயி கணுக்கால் வீங்கிச்சு. அப்புறம் மணிக்கட்டு. வலி ஒரு எடத்துல நிக்காம வீடு மாத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பா என்ன செஞ்சாரு? முட்டி வலிக்கும் அதே தொண்டச் சீட்டக் கழட்டிக்கிட்டு கடைக்குப் போனாரு! பென்சில் புடிக்க முடியல, படுத்தா மூச்சு வாங்குதுன்னு ஆனதுக்கப்புறம், அம்மா என்ன இடுப்புல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினாங்க. அப்பா பின்னாலயே வந்தாரு, சட்டப் பையில சீட்டோட.

அங்க ஒரு லேடி டாக்டர். என் நெஞ்சுல ஸ்டெதஸ்கோப்ப வச்சவங்க எடுக்கவே இல்ல. அப்புறம் கேட்டாங்க, "ஒரு மாசத்துக்கு முன்னால தொண்ட வலி வந்துச்சா? என்ன மருந்து குடுத்தீங்க?" அப்பா பெருமையா சீட்ட எடுத்து நீட்டினாரு. அவுங்க வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"இது யாருக்கு எழுதினது?"

"எனக்குதாங்க மேடம். நல்ல டாக்டர்."

"இந்தப் பொண்ணுக்கு முப்பத்தெட்டு வயசா?"

அப்பா கைய நீட்டி சீட்டத் திருப்பி வாங்கி சட்டப் பையில போட்டுக்கிட்டாரு.

அந்தம்மா கத்தல. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி மெதுவாத்தான் கேட்டாங்க. "எத்தன நாளு குடுத்தீங்க? ரெண்டு நாளா? ஜுரம் எறங்கினா கிருமி செத்துடுச்சுன்னு யாரு சொன்னா? கொஞ்சம் அடங்கும், அவ்ளோதான். இந்த மாதிரி தொண்டைக்கு பத்து நாள் முழுசா குடுத்திருக்கணும். இவ எடையப் பாத்து, இவளுக்குன்னு எழுதி. முடிக்காம விட்டதால, கிருமிய அடிக்கப் போன உடம்பு இவளோட மூட்டையும் இதயத்தையும் சேத்து அடிச்சுக்கிட்டு இருக்கு." வாதக் காய்ச்சல்னு அதுக்குப் பேரு சொன்னாங்க. இதயம் வீங்கியிருக்கு, இந்தத் தடவ தப்பிச்சுக்கும் போல இருக்கு, ஆனா திரும்பவும் அந்தக் கிருமி தொண்டையில வந்தா வால்வு போயிடும். அதனால மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, இருபத்தொரு வயசு வரைக்கும். "ஒண்ணு கூட விடக்கூடாது. நல்லாத்தானே இருக்கான்னு நிறுத்தக்கூடாது. நல்லா இருக்கறதே ஊசியாலதான்." அப்பாவப் பாத்து ரெண்டு தடவ சொன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தச் சீட்ட அடுப்புல போட்டாரு. பிளாஸ்டிக் எரிஞ்ச நாத்தம் காம்பவுண்டு பூரா. அடுத்த வாரமே டெய்லரம்மா வந்து நிக்கிறாங்க, "அண்ணா, அந்தச் சீட்டு." எரிச்சுட்டேன்னாரு. "குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க"ன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. என்ன ஜனங்க! நான் உள்ள படுத்து மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கறத ஜன்னல் வழியா பாத்துட்டுதான் கேக்கறாங்க.

அந்த ஊசியப் பத்திக் கேக்காதீங்க. மொதல்ல முன்கையில துளி மருந்து ஏத்தி, ஒத்துக்குதான்னு அரை மணி நேரம் பாப்பாங்க. அப்புறம் பெரிய ஊசி, இடுப்புல. மருந்து கெட்டி, எறங்கும்போது கால் வரைக்கும் இழுக்கும். ரெண்டு நாளைக்கு நொண்டிக்கிட்டுதான் நடக்கணும். மூணு வாரத்துக்கு ஒரு திங்கக்கெழம, அப்பா பட்டறையில பர்மிஷன் போட்டுட்டு, கிரீஸ் ஒட்டின காக்கிச் சட்டையோட என்னக் கூட்டிட்டுப் போவாரு. காலண்டர்ல பென்சிலால வட்டம் போட்டு வச்சிருப்பாரு. பந்த் நடந்த ஒரு நாள், பஸ் இல்லாம சைக்கிள்ல வச்சு மிதிச்சாரு.

அதுக்காக நான் அவர விட்டேனா? விடல. பதிமூணு, பதினாலு வயசுல வாயில வந்ததெல்லாம் பேசுவேன். ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல சேர வேணாம்னு டீச்சர் சொன்ன அன்னிக்கு, "நீதானே என் நெஞ்சக் கெடுத்த, பெரிய டாக்டரு!"ன்னு எட்டு வீட்டுக்கும் கேக்கற மாதிரி கத்தினேன். அவரு செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. எனக்கு அது வசதியா இருந்துச்சு. வீட்டுல எந்தச் சண்ட வந்தாலும் என் கையில அந்த ஒரு வார்த்த இருந்துச்சு.

ரெண்டாயிரத்து ஒண்ணுல, பதினெட்டு வயசுல, தொம்மலூர்ல எனக்கு வேல கெடச்சுது. அமெரிக்கா டாக்டருங்க டேப்புல பேசி அனுப்பறத காதுல மாட்டிக் கேட்டு டைப் அடிக்கணும். எத்தன தடவ அடிச்சிருப்பேன், நோயாளி மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது, முழுவதும் முடிக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டார், அப்படின்னு. ஒரு எழுத்து தப்பு இல்லாம அடிப்பேன். சூப்பர்வைசர் என்ன மத்தவங்களுக்கு உதாரணமா காட்டுவாரு.

ஏ.சி. ஆபீஸ்ல வேல பாக்கற பொண்ணுக்கு, கிரீஸ் சட்டையோட அப்பா கூட வந்து ஊசி ரூம் பெஞ்சுல உக்காந்தா எப்படி இருக்கும்? "இனிமே நீ வராதப்பா, ஆபீஸ்ல இருந்து நானே போயிக்கிறேன்"னேன். "விட்டுடாத பாப்பா"ன்னு மட்டும் சொன்னாரு. கொஞ்ச காலம் ஒழுங்காப் போனேன். அப்புறம் ஒரு திங்கக்கெழம லீவு கெடைக்கல. அடுத்த தடவ லீவு கெடைச்சிருக்கும்தான், கேக்கல. பத்து வருஷமா ஒண்ணும் வரல, நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு இந்தக் குத்துன்னு தோணிச்சு. அப்படியே அஞ்சு ஊசி போச்சு.

வீட்டுக்குத் தெரியக்கூடாது இல்லையா? திங்கக்கெழம சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கினதும் நொண்ட ஆரம்பிப்பேன். கேட்டுல இருந்து வாசல் வரைக்கும் காலச் சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பேன். அட்ட எங்கன்னு கேட்டா, நர்ஸ் தேதி போடற அட்டய ஆபீஸ் டிராயர்ல வச்சிருக்கேன்பேன். அப்பா கல்லுப்ப வாணலியில வறுத்து, துணியில மூட்ட கட்டி எடுத்துட்டு வருவாரு. போடாத ஊசிக்கு நான் குப்புறப் படுத்துக்கிட்டு ஒத்தடம் வாங்குவேன். "கை சூடு, மெதுவா வைப்பா"ன்னு அதட்டல் வேற!

அஞ்சாவது ஊசி விட்ட மாசம் தொண்ட வலிச்சுது. காட்டாம விட்டேன். அடுத்த மாசம் ஆபீஸ் மாடிப்படி ஏற முடியல, ரெண்டு படிக்கு ஒரு தடவ நின்னேன். அப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், தல மட்டும் நரைச்சிருந்துச்சு. எக்கோ ஸ்கேன் பாத்தாங்க. வால்வு ஒழுகுது, மருந்துல சமாளிச்சுப் பாக்கலாம், என்னிக்காவது ஆபரேஷன் வரும்னாங்க. ஊசி இனிமே இருபத்தொண்ணோட நிக்காது. அப்பாவ ஒரு ரிப்போர்ட்ட வாங்கிட்டு வர அனுப்பிட்டு, என்னப் பாத்துக் கேட்டாங்க.

"எத்தன விட்ட?"

"அஞ்சு."

பேனாவ மூடினாங்க. "அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அப்பா ரிப்போர்ட்டோட உள்ள வந்தாரு. உக்காரக்கூட இல்ல, அந்தம்மாவப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "மேடம், பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. ஒரு ஊசி விடல மேடம், வலி தாங்கிக்கிட்டு ஒழுங்காப் போட்டா. அன்னிக்கு ரெண்டு நாளோட நிறுத்தினேன் பாருங்க, அந்தப் பாவம்தான் இன்னிக்கும் விடல. நான்தான் எம் பொண்ணக் கெடுத்தேன்." அழுதாரு. டாக்டர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஜன்னலப் பாத்தேன்.

ஆபரேஷனும் ஆச்சு. இன்னிக்கும் வீட்டுக்கு யாரு வந்தாலும் அப்பா அதத்தான் சொல்றாரு, நான்தான் கெடுத்தேன்னு. அம்மாவும் ஆமான்னு தலையாட்டறாங்க. நானும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.