மாமனாரின் தோளில் கிளி

மாமனார் தன் தோளில் வைத்த மறுநொடியே அந்தக் கிளி எகிறிப் பறந்து, வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் தோளில் வந்து உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. ஈப்போவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவருக்கு நண்பர் ஒருவர் கொடுத்த கிளி அது. எனக்கும் அவருக்குமோ பேச்சே கிடையாது. நான் தைப்பிங்கில் அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து ஈப்போவின் புந்தோங் பகுதிக்கு வந்தவர். தோட்டத்து ஆட்களை நான் தாழ்வாக நினைக்கிறேன் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார் போலும். கல்யாணமாகி மூன்று வருடங்களாக, எதுவானாலும் என் கணவரிடம், "ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்பார். ஆகவே அன்று, "இது ஏன் எங்கிட்ட நிக்க மாட்டேங்குது? நீயே பழக்கிக் குடு லா" என்று அவர் சொன்னபோது, யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

மாலை வேளைகளில் பழக்கத் தொடங்கினோம். கிளியைவிட அவரைப் பழக்குவதுதான் பெரும்பாடு. அவர் கை சும்மா இருக்காது. கிளி சற்று அசைந்தாலும் பிடிக்கப் போவார். "புடிக்காதீங்க மாமா, அதுவா வரட்டும்" என்பேன். சூரியகாந்தி விதையைக் காட்டி முதலில் விரலுக்கு, பிறகு மணிக்கட்டுக்கு வரவழைத்தோம். தோளுக்குப் போனால் மட்டும் பறந்துவிடும். ஒருநாள், "நகம் கீறும் மாமா" என்று சொல்லி, கிளி என் தோளில் உட்காரும்போது நான் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் துண்டை அவர் தோளில் விரித்தேன். கிளி அமைதியாக உட்கார்ந்தது. அவர் அரைமணி நேரம் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை.

அடுத்த வாரம் அந்தத் துண்டு துவைத்து மடிக்கப்பட்டு என் நாற்காலியில் இருந்தது. அவர் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தோளில் கிளி. என் தந்திரத்தைக் கண்டுபிடித்துக் கோபப்பட்டாரா, நன்றி சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் பேச்சு நின்றுபோனது.

பிறகு கிளியோடு லூமுட்டில் இருக்கும் மூத்த மகன் வீட்டுக்குக் குடிபோனார். "போய்ட்டு வாரேன்" என்றார். என்னிடமா, வீட்டிடமா, தெரியவில்லை. போன மாதம் முதன்முறையாக என் எண்ணுக்கே அழைத்தார்.

"கிளி ஒன்னும் திங்க மாட்டேங்குது. நீ வந்து பாத்துட்டுப் போ லா."

விடுப்பு எடுத்துக்கொண்டு, விதைப் பொட்டலத்தோடு ஓடினேன். வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். கிளி அவர் தோளில் நின்று கொய்யாத் துண்டை ஆவலோடு கொறித்துக்கொண்டிருந்தது. வயிறு வாடிய கிளியாகத் தெரியவில்லை.

"இப்பதான் திங்க ஆரம்பிச்சிச்சு" என்றார், தெருவைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாப்புட்டியா?" என்றார்.

பேருந்து ஏறுமுன் வயிறு நிறைய நாசி லெமாக் சாப்பிட்டிருந்தேன். ஏனென்று தெரியவில்லை, "இன்னும் இல்ல மாமா" என்றேன்.