தவிட்டுக்கு விற்ற அப்பா

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்பாவின் சிவப்பு அடையாள அட்டையை நீலமாக்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். சிவப்பு என்றால் வெறும் நிரந்தரவாசி, நீலம் என்றால் மலேசியக் குடிமகன். அடுத்த வருடம் அவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நீல அட்டை இருந்தால்தான் மலிவு வீட்டுக்கு மனுப் போட முடியும்.

பதிவு இலாகாவில் அப்பாவின் பூர்வீகத்தைக் கேட்டார்கள். நான் நான்கு தலைமுறைக்குப் பெட்டிகள் போட்டு ஒரு படம் வரைந்தேன். அப்பாவின் அப்பா என்ற முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டது. அடையாள அட்டையில் அப்பாவின் பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் தந்தை என்று இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்.

"அதுவா? எனக்கு முன்னால ரெண்டு புள்ள தங்கல. அதான் என்னைத் தவுட்டுக்கு வித்துட்டாங்க," என்றார் அப்பா, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

பிள்ளை தங்காத வீடுகளில் அப்படி ஒரு வழக்கம். குழந்தையை வேறு வீட்டுக்குக் கொடுத்துத் தவிடு வாங்கிக்கொள்வார்கள். அடுத்தவர் பிள்ளை ஆகிவிட்டால் சாவு தேடி வராதாம். பிறகு பெற்றவளே வளர்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் நாணயமான மனிதர். பிள்ளையை வாங்கியவர் தான்தானே என்று டவுனுக்குப் போய்த் தன் பெயரிலேயே பதிந்துவிட்டு வந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் இந்த நாட்டிலேயே பிறந்தவர், எல்லாப் பத்திரமும் இருந்தது; அவர் பெயரில் போனால் நீல அட்டை சுலபம். தாத்தா இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். ஒரு காகிதமும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் மகன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறார். எனக்குப் பெரியப்பா முறை. "எங்கப்பா பேரையே வச்சுக்க லா, தம்பி. சுருக்கா முடிஞ்சிரும். நீ என்ன பங்கா கேக்கப் போற?" என்றார் அப்பாவிடம்.

"நான் கொள்ளி வச்சது யாருக்குண்ணே? அவரு பேரைத்தான் போடணும்."

அப்பா தாத்தா பெயரிலேயே நின்றார். நான் எடுத்துச் சொன்ன நியாயங்கள் எதுவும் எடுபடவில்லை.

இலாகாவில் நான்தான் விளக்கினேன். மலாய்ப் பாடத்தில் எனக்கு எப்போதும் ஏ. தவிட்டுக்கு 'டெடாக்' என்பதும் தெரிந்திருந்தது. அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"எத்தனை கிலோ?"

அப்பாவிடம் கேட்டேன். "யாரு கண்டா? கோழி தின்னுருச்சு," என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

பெரியப்பா லீவு போட்டு வந்து, இவர் என் தம்பி இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "தம்பி, ஏறுடா லோரில," என்றார். கியா பார்ம் சந்தையில் நிறுத்தி அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தார்.

"வீடு கெடைக்கலன்னா எங்க வீட்டுக்கு வந்துரு. ஆனா இப்ப நீ தம்பி இல்ல. வாடகை குடுக்கணும்."

"தவுடு தரேண்ணே."

பதில் கடிதம் இன்னும் வரவில்லை. என் படத்தின் முதல் பெட்டியில் தாத்தா பெயரை எழுதியிருக்கிறேன், பேனாவால்.