பாதிரியார் துப்பறிந்த பஞ்சாலை

பெரில் ஓர்மராடுக்குத் தயாரிப்பாளர் நாற்காலி கிடைக்க அவள் திறமை காரணமல்ல. டெஸ்மண்டின் காதல்தான் காரணம். மான்செஸ்டரில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, நாடகத் தயாரிப்பாளர் டெஸ்மண்ட் கதாநாயகியைக் கூட்டிக்கொண்டு கார்ன்வாலுக்கு ஓடிப்போனார். திங்களன்று படப்பிடிப்பு. வசனம் முழுக்கத் தெரிந்தவள் பெரில் ஒருத்திதான். பாதியை எழுதியதே அவள்தான், டெஸ்மண்ட் மதியச் சாப்பாடு என்று மதுக்கடைக்குப் போய்த் திரும்பாத நாட்களில்.

"சரியான ஆம்பளை கிடைக்கிற வரைக்கும் நீ பாத்துக்கோ," என்றது மேலிடம். பிறகு தேட மறந்துவிட்டது. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

பெரில் பக்கத்து ஆலை ஊரான பர்ன்லிக்காரி. பெற்றோர் இருவரும் பஞ்சாலைத் தறியில் நின்றவர்கள். எழுபதுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தபோது அதை நாடகமாக்கும் வெறி அவளைப் பிடித்துக்கொண்டது. எழுதி, நாடகப் பிரிவுத் தலைவர் ரூபர்ட் ஃபான்ஷாவிடம் கொண்டுபோனாள். ரூபர்ட் லண்டன்காரர். வடக்கே மான்செஸ்டருக்கு வந்து வருடங்களாகியும், ஊர் திரும்பும் ரயிலுக்குக் காத்திருப்பவர் போலக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார்.

"அருமை, செல்லம். அழுதுட்டேன்," என்றார். கண் காய்ந்தே கிடந்தது. "ஆனா ஞாயித்துக்கிழமை வயிறு முட்டத் தின்னுட்டு டிவி முன்னால உக்காந்திருக்கவனுக்கு இது செரிக்குமா? ஆலையை மூடினா துக்கம். ஆளைக் கொன்னா பொழுதுபோக்கு. ஒரு கொலை வை. கண்டுபிடிக்க ஒரு பாதிரியாரை வை. அவருக்கு ஒரு சைக்கிள் குடு."

"சைக்கிள் எதுக்கு?"

"பாக்க இதமா இருக்கும்ல?"

கொலையை முன்வாசலில் நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக ஆலையை நுழைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள் பெரில். கணக்கு தப்பியது. நாடு பாதிரியாரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. ஒன்பது வருடம் ஓடிய தொடரில் நெசவாளி, கொதிகலன்காரன், உணவறைச் சமையல்காரி என்று ஆள் மாற்றி ஆள் செத்தார்கள். இத்தனை பேர் செத்தும் ஆலை எப்படி ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் வருடம் ரூபர்ட் விடுமுறைக்கு இத்தாலி போயிருந்தார். அந்த வாரமே, அவர்கள் படம்பிடித்துவந்த நிஜ ஆலைக்கு மூடுவிழா. மூடுகிற நாளன்று எடுக்கவேண்டியிருந்த கொலை, புட்டிங்கில் விஷம். பெரில் அந்தக் காட்சியைக் கிழித்துப் போட்டாள். "நீங்க இன்னிக்கு என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. நாங்க ஓரமா நிக்கிறோம்," என்றாள் தொழிலாளர்களிடம்.

பாதிரியாராக நடித்த ஆப்ரி பெல் பதறினார். "என் வசனம் எங்கம்மா?"

"இல்ல. கதவைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் தறியைத் துடைத்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஆப்ரி தொப்பியைக் கழற்றியபடி நின்றார். வசனம் இல்லாததால் அன்றுதான் முதன்முதலாக நன்றாக நடித்தார். படம்பிடித்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மட்டும் பெரில் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

வெயிலில் சிவந்து திரும்பிய ரூபர்ட் கத்தினார். "செத்தது யாரு? கொன்னது யாரு?"

அது ஒளிபரப்பானதிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. "முக்கியமான நேரத்துல என் டிவி மக்கர் பண்ணிடுச்சு. கொலைகாரன் யாருன்னு எனக்கு மட்டும் சொல்லிடுங்க," என்று கெஞ்சினாள் ஹாரோகேட் சீமாட்டி ஒருத்தி.

"எங்களுக்கும் யாரும் சொல்லலைங்க," என்றாள் பெரில்.

பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளியதும் ரூபர்ட்டின் கோபம் தொலைநோக்காகிவிட்டது. விருது விருந்தில் அவரே மேடையேறி, "வடக்கு மக்களோட வலி எனக்கு எப்பவுமே..." என்று தழுதழுத்தார். சமையலறைக் கதவோரம் உட்காரவைக்கப்பட்டிருந்த பெரில், ஆறிப்போன கோழியைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தாள். கோழி ரூபர்ட் இல்லையே என்ற வருத்தம் இருந்தது. மறுவாரமே புது உத்தரவு: பாதிரியாரைக் கடற்கரை ஓட்டலுக்கு மாற்று. மாற்றினாள். வேலை வேண்டுமே.

அந்தக் கோடையில் பர்ன்லியில் மீன் வறுவல் கடை மேடையருகே நின்றபோது, மூடிய அந்த ஆலையின் பழைய தறிக்காரி வின்னி ஹார்கிரீவ்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது வருஷத்துல எங்கள்ல ஒருத்தியையும் நீ கொல்லாம விட்டது அந்த ஒரு வாரந்தான்டி, கண்ணு."

"கோவமா, வின்னி?"

"வேலை போச்சு, உயிராச்சும் மிஞ்சிச்சேன்னு சிரிச்சோம். அப்புறம் அழுதோம். சரி, மீன் ஆறுது, மேல ஊத்திக்க அந்த வினிகரை இப்படித் தள்ளு."