மணமக்கள் இயந்திரம் அல்லர்

தெற்கே, கடற்கரையில் கருமணல் தோண்டும் ஊர் ஒன்றிலிருந்து வரும் சிறிய தமிழ் நாளிதழுக்கு நான் திருவனந்தபுரம் நிருபர். போன வருடம் எங்கள் ஆசிரியருக்குப் பத்திரிகையின் வரலாற்றை மலராகப் போடும் ஆசை வந்தது. அதற்கு முதல் இதழ் வேண்டும். அலுவலகத்தில் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. தலையங்கத்தை மட்டும் அது தொடவில்லை.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கணவரோடு பாத்திரக்கடை நடத்தும் ஓர் அம்மாவிடம் அந்த இதழ் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அந்தச் சுரங்க ஊர்தான் அவருக்குப் பிறந்த ஊர். உருளிகளுக்குப் பின்னாலிருந்த பெட்டியைத் திறந்து பேப்பரை எடுத்து, என் கைக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக் காட்டினார்.

முதல் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றில் மாலையும் கழுத்துமாக அவரும் கணவரும். கீழே, ‘சுரங்கத்துக்குப் புதிய இயந்திரம் வந்தது, இனி மணல் அள்ளுவது எளிது’ என்றிருந்தது. அடுத்த படத்தில் பூதம்போல ஒரு மண்வாரி இயந்திரம். அதன் கீழே, ‘புதுமணத் தம்பதிக்கு ஊர்ப் பெரியோர் வாழ்த்து.’

“அன்னைக்கே அப்பா லெட்டர் போட்டாச்சு. ஒரு அனக்கமும் இல்ல, பதிலும் இல்ல. திருத்தம் வரட்டு மக்ளே, பேப்பரை நான் தாறேன்” என்றார்.

செல்போனில் படமாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பேப்பரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

“நம்ம பத்திரிகை இதுவரைக்கும் திருத்தமே போட்டதில்ல. மலரோட முதல் வரியே அதுதான், எழுதி வச்சிட்டேன்” என்றார்.

இரண்டு வாரம் இருவருக்கும் நடுவில் அலைந்தேன். ‘வருந்துகிறோம்’ என்று போடலாம், ‘தவறு’ என்று போட முடியாது என்றார் ஆசிரியர். ‘தவறு’ வேண்டும், அதுவும் முதல் பக்கத்தில் வேண்டும் என்றார் அந்த அம்மா. கடைசியில் ஆசிரியர்தான் இறங்கி வந்தார். மறுநாள் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, ‘எங்கள் முதல் இதழில் தவறு நேர்ந்துவிட்டது. மணமக்கள் இயந்திரம் அல்லர் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று வந்தது.

அந்த அம்மா அதை மூன்று முறை வாசித்துவிட்டு முதல் இதழை என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் தலை நிமிர்ந்தார்.

“மாமியா ஊருல எல்லாரும் என்னை மண்வாரி மாப்பிள்ளைன்னாக்கும் விளிப்பாவ. ஒரு மதிப்பு இருந்து. இனி அங்க நான் ஆரு?”

“எனக்க மாப்பிள்ளை” என்றார் மனைவி.

“அது எல்லாருக்கும் தெரியும்லா” என்று அவர் மறுபடி விளக்கைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அண்ணாச்சி, வேண்டுமானால் உங்கள் பட்டப்பெயரை மலரில் எழுதுகிறேன் என்றேன். பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

மலர் வந்தது. ஆனால் அதற்குள் திருத்தம் போடுகிறார்கள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. இரங்கல் செய்தியில் படம் வந்துவிட்ட ஒருவர் நேரில் வந்து, தான் சாகவில்லை என்று எழுதிக் கொடுத்தார். தேர்வில் தேறியும் பட்டியலில் எண் விடுபட்ட ஓர் அம்மா பேரனோடு வந்தார். ஆசிரியர் சனிக்கிழமைதோறும் அரைப் பக்கம் ஒதுக்கி, அதை என் தலையில் கட்டினார். இப்போது பத்திரிகையில் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

போன வாரம் ஒருவர் வேறொரு பத்திரிகையில் வந்த தவறோடு வந்தார்.

“அவங்க போட மாட்டாங்களாம். நீங்க போட்டுருங்க சார்.”

போட்டோம்.