ஆறடி நிழல்

சோரியாங்குப்பத்துத் தனக்கொடிக்குப் புத்தி பிசகியது உண்மைதான். அதை மறைப்பானேன்? ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகு இரண்டு மாதம் அவளுக்குச் சோறும் இல்லை, பேச்சும் இல்லை. கொழுந்தன் அரங்கநாதன் வண்டி கட்டிப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அதுவரை அவன் செய்தது சரி.

அங்கே மூன்றாம் மாதமே அவள் தெளிந்துவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், மகளை நினைத்து வாய்விட்டு அழுதாள். கூட்டிப்போக வரவேண்டியவன் வரவில்லை. அண்ணன் விட்டுப்போன இரண்டு காணி நஞ்சையில் ஏர் பூட்டிக்கொண்டிருந்தான், பாவி. அண்ணிக்குப் பத்து வருஷமாகவே பைத்தியம், நிலத்தைத் தன் பொறுப்பில் விட்டு அவளை உள்ளேயே வைக்க வேண்டும் என்று கோர்ட்டில் மனுவும் போட்டிருந்தான்.

இதை ஆஸ்பத்திரிக் குமாஸ்தா நடேசன்தான் வெற்றிலையை மென்றபடி அவளிடம் சொன்னான்.

"இனிமே உனக்கு இங்கதான் ஆயுசு. வேணும்னா ஜட்ஜுக்குக் காயிதம் போடு. நோயாளி போடற காயிதத்தத் தடுக்க எனக்கு சட்டத்துல எடமில்ல. போட்டு இன்னா ஆவப்போவுது?"

"தடுக்க எடமில்லல்ல? அப்ப எழுது, நான் சொல்றேன். என் மூஞ்சியப் பாக்காம என்னப் பைத்தியம்னு எழுதக் கூடாதுன்னு எழுது."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். பத்து நாள் கழித்து வெள்ளைக்கார நீதிபதி, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார். அரங்கநாதன் கைகட்டி நின்றான். பைத்தியம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று துபாஷி கேட்டார்.

"தொரை, பட்டப்பகல்ல வாய்க்கா கரையில தன் நெழலத் தானே மிதிச்சிகினு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவா. பத்து வருசமா இதே கதி. ஊரே பாத்திருக்கு."

கடிகாரம் இல்லாத ஊரில் ஏரித் தண்ணீரை முறை வைத்து விடுவது நிழலை அடியால் அளந்துதான். தனக்கொடியின் புருஷன் பார்த்த வேலை அது. அவன் செத்தபின் பத்து வருஷமாக அவள் அளந்தாள். கொழுந்தன் முறை வந்தால் மட்டும், கடைசிப் பாத்தியும் நனையட்டும் என்று மடையைக் கட்டாமல் கொஞ்சம் பொறுப்பாள். அந்த நன்றிதான் இப்போது கைகட்டி நின்றது.

"தொரை, அவன ஒண்ணு கேளுங்க. பத்து வருசமா அவன் வயலுக்கு நேரம் அளந்து தண்ணி வுட்டது யாரு?"

துபாஷி எடுத்துச் சொன்னார். நீதிபதி அரங்கநாதனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணிதான்."

பைத்தியத்தை நம்பியா பத்து வருஷம் பயிர் வைத்தாய் என்று அடுத்த கேள்வி வந்தது. மனு தள்ளுபடி ஆயிற்று. நடேசன்தான் வந்து கேட்டைத் திறந்துவிட்டான்.

அடுத்த முறைத் தண்ணீருக்கு மண்வெட்டியோடு மடையில் நின்றவள் தனக்கொடிதான். வேறு யார் அளந்தாலும் ஊர் ஒப்பவில்லை. அரங்கநாதனின் கடைசிப் பாத்தி காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவள் நிழல்மேல் அடி வைத்து எண்ணினாள். ஆறு. கொழுந்தன் முறை அதோடு முடிந்தது.

"அண்ணி, இன்னும் கொஞ்ச நேரம் வுடு."

"பைத்தியத்துக்குக் கொஞ்சம் நஞ்சம்லாம் தெரியாதுடா. ஆறடின்னா ஆறடிதான்" என்று சேற்றை வெட்டி மடையில் போட்டாள்.