கழுத்தில் கட்டிய காரீயம்

மூன்று வயதில் என் மகள் வாய் ஓயாமல் பேசுவாள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்களின் குடும்பக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். ஐந்து வயதில் ‘தண்ணி’, ‘வேணாம்’ என்று இரண்டு மூன்று சொல்லோடு நின்றுபோனாள். இன்று ஸ்லேட்டில் எழுதிய எழுத்து நாளைக்கு ஞாபகம் இருக்காது. “அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்கம்மா” என்று வாத்தியார் திருப்பி அனுப்பினார். அவர் மேல் வந்த கோபத்தில் ஸ்லேட்டைப் பள்ளிக்கூட வாசலிலேயே போட்டு உடைத்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. பந்தல்குடி ரோட்டோரம் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் லாரி பேட்டரி பழுது பார்ப்பவர். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தைக் கொல்லையில் உருக்குவார். அந்தச் சாம்பலில்தான் இவள் சோறாக்கி விளையாடுவாள்.

கண்பட்டுவிட்டது என்றார்கள். திருச்சுழிப் பக்கம் ஒருவரிடம் மந்திரித்துத் தாயத்து கட்டினோம். அதற்கான தகட்டை என் வீட்டுக்காரரே வீட்டுக் காரீயத்தில் தட்டிக் கொடுத்தார். கழுத்தில் கட்டியது நான். அவள் எந்நேரமும் அதை வாயில் போட்டுச் சப்பினாள். பேச்சு வந்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். மூன்றே மாதத்தில் வயிற்று வலியில் சுருண்டாள், ‘தண்ணி’ என்ற சொல்லும் நின்றுபோனது.

மதுரையில் ஒரு டாக்டரம்மா அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறில் நீலமாய் ஒரு கோடு.

“வீட்டுக்காரருக்கு என்ன வேலை?”

சொன்னேன். தாயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார், அதில் பல் பதிந்திருந்தது.

“இத யாரு கட்டுனது?”

“நான்தான்.”

காரீயம் பிள்ளைகளின் மூளைக்குப் போய்ப் பேச்சையும் படிப்பையும் கெடுக்கும் என்றார். என்னைத் திட்டவில்லை. கத்திரியால் கயிற்றை அறுத்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த வாரமே மகளை நரிக்குடியில் என் அக்கா வீட்டில் விட்டோம். என் வீட்டுக்காரர் கொல்லையில் உருக்குவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன், அவள் பேசாமல் மடியில் உட்கார்ந்திருப்பாள். ஆறு மாதம் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிறு பஸ் தாமதம். நான் இறங்கியதும் ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“எல்லா பஸ்ஸும் வந்துருச்சு, நீ மட்டும் வரல. என்னைய ஏன் இங்க விட்டுட்டுப் போன?”

நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ‘நாம தப்பிச்சோம்டி தாயி’ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எழுத்து மட்டும் மெதுவாகத்தான் வந்தது. ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்தாள். கல்யாணமாகிப் போன பிறகும் ஒரு கடிதம் எழுத அவளுக்கு அரை நாள் ஆகும். அதில் பாதி என்னைத் திட்டித்தான் இருக்கும். ஒன்றைக்கூட நான் தூக்கிப் போட்டதில்லை.