வெள்ளைக் கட்டுக்குப் பூக்கேட்ட மோகன்குமார்

மல்லசமுத்திரத்தில் கோழித்தீவன மில் நடத்தும் மோகன்குமாருக்கு நாற்பது வயது. இந்த நாற்பது வருடத்தில் அவன் தானாக எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் ஊரே தலையைச் சொறியும். எதற்கெடுத்தாலும் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்கிற ஆள். மல்லிகை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைக் கிழிசலில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் போட வேண்டும். அங்கே கும்பிட வந்த யாராவது ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

ஆழ்துளைக் கிணறு போட ஒருமுறை வெள்ளை வந்தது. தொள்ளாயிரம் அடி ஓட்டியும் புழுதிதான் பறந்தது. ரிக் வண்டிக்காரர்கள் சிரித்தபோது, அம்மன் போடத்தான் சொன்னாளே ஒழிய தண்ணீர் வரும் என்று சொல்லவில்லையே என்று அவளுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு நின்றான்.

அவன் மனைவி சத்யபிரியா ராசிபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு வெள்ளை வந்ததால் இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த பிறகு அவள் மேலே படிக்க ஆசைப்பட்டபோது சிவப்பு வந்தது. சமையலறை ஜன்னலைப் பெரிதாக்கக் கேட்டபோதும் சிவப்பு. "பூ வந்துருச்சு அம்மிணி" என்பான் மோகன்குமார். அதோடு பேச்சு முடிந்துவிடும். பாவம், அவன் ஏமாற்றியதெல்லாம் இல்லை. நிஜமாகவே நம்பினான்.

இப்படிப்பட்ட தம்பதிக்குள் ஐங்கோட்டைச் சீட்டு எப்படி நுழைந்தது என்றால், சத்யபிரியாவின் பல்வலியால். நாலு வருடத்துக்கு முன்பு பல் பிடுங்கச் சேலம் போன இடத்தில், டாக்டர் மாடிக்குக் கீழே அலெக்ஸ் என்பவரின் சீட்டு விளையாட்டுக் கடை இருந்தது. காத்திருக்கிற நேரத்தில் மோகன்குமார் ஒரு பாக்கெட் வாங்கினான். பூதங்களும் மந்திரவாதிகளும் பறக்கும் குதிரைகளும் அச்சடித்த சீட்டுகள். வீங்கின கன்னத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து அவள்தான் முதலில் விதிமுறையைப் படித்துப் புரிந்துகொண்டாள். அடுத்த மாதத்திலிருந்து இருவரும் ஞாயிறுதோறும் அந்தக் கடையில் ஆஜர்.

ஆட்டம் இதுதான். ஐந்து நிறத்தில் ஐந்து கோட்டை. நாற்பது சீட்டைப் பொறுக்கி ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு, எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். எந்தச் சீட்டை இறக்குவதானாலும் அதே நிறத்து ஊற்றுச் சீட்டு கைக்கு வந்திருக்க வேண்டும். அதனால் இரண்டு மூன்று நிறத்தைக் கலப்பவனுக்குப் பச்சை ஊற்று வரும், கையில் நீலப் பூதம் உட்கார்ந்திருக்கும். ஒரே நிறத்தில் கட்டு சேர்ப்பவனுக்கு அந்தத் தலைவலி கிடையாது. ஆனால் அந்த நிறத்துக்கு என்ன குறையோ அதை மறைக்கவும் வழி கிடையாது. வெள்ளையில் வைத்தியர்களும் கேடயக்காரர்களும் அதிகம். அசைக்க முடியாது, ஆனால் ஜெயிக்க நேரமாகும். சிவப்பு முழுக்கத் தீ. முதல் ஐந்து சுற்றுக்குள் முடிக்காவிட்டால் மூச்சு வாங்கிவிடும்.

போன ஆவணியில் அலெக்ஸ் ஒரு போட்டி அறிவித்தார். ஒரே நிறக் கட்டு மட்டும்தான் அனுமதி. ஜெயித்தவர் பெயர் கடைச் சுவர்ப் பலகையில் ஒரு வருடம் இருக்கும். பரிசு அவ்வளவுதான், ஆனால் மோகன்குமாருக்கு அதைக் கேட்டதும் தூக்கம் போயிற்று. மில்லின் போர்டிலும் தீவன மூட்டையிலும் இருப்பது அவன் அப்பா பெயர். வீட்டு வாசலில் தாத்தா பெயர். தன் பெயரை ஆதார் அட்டையைத் தவிர வேறெங்கும் அவன் பார்த்ததில்லை.

அவனுக்கு வெள்ளை வேண்டும். பிரச்சனை என்னவென்றால் சத்யபிரியாவும் அன்றைக்கே, தனக்கும் வெள்ளைதான் வேண்டும் என்றாள். வீட்டில் சீட்டுப் பெட்டி ஒன்றுதான். நல்ல வெள்ளைச் சீட்டுகள் ஒரு கட்டுக்குத்தான் தேறும். மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. தொந்தி பெருத்த கேடயப் பூதம் ஒன்றுக்கு அவர்கள் பெரியப்பா என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பெரியப்பாவை யார் பாக்கெட்டில் கண்டெடுத்தது என்பதில் சண்டை முற்றி, கடைசியில் வழக்கம் போல அம்மனிடம் போயிற்று. வெள்ளைப் பூ வந்தால் வெள்ளைக் கட்டு மோகன்குமாருக்கு, சிவப்பு வந்தால் சத்யபிரியாவுக்கு.

அங்கேதான் அவனுக்குப் புத்தி கோணிற்று. பலகையில் தன் பெயர் எழுதியிருப்பதை மனதுக்குள் ஆயிரம் தடவை பார்த்துவிட்டிருந்தான். பூசாரிக்குச் சிரமம் வேண்டாம் என்று பொட்டலங்களைத் தானே கட்டிக்கொண்டு போனான். இரண்டிலும் மல்லிகை. கும்பிட வந்த பக்கத்துத் தெரு சுப்பம்மாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை. மற்றதைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டுச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். எங்கே பிரித்துவிடுவாளோ என்று அவன் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பிரிக்காமலே போனாள். கூட வந்திருந்த சத்யபிரியா சரிங்க என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த பத்து நாளும் மோகன்குமார் கட்டு சேர்த்தான். ஊற்றுச் சீட்டு பதினாறு வைப்பதா பதினேழா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். வைத்தியர்களில் நாலு பேரைக் கழித்து, வேகமாக அடிக்கிற ஈட்டிக்காரர்களைச் சேர்த்தான். பெரியப்பாவை நடுநாயகமாக வைத்தான். காகிதத்தில் பார்த்தால் அருமையான கட்டு. ஆனால் கலைத்துப் போட்டுப் பார்க்கிறபோதெல்லாம் கையில் ஊற்றுச் சீட்டாகவே வந்து நின்றது, ஆள் வரவில்லை. இதை வேறு யாரானாலும் கலைப்பது சரியில்லை என்பார்கள். மோகன்குமாருக்கு இது அம்மன் வேலை என்று தெரிந்துபோயிற்று. மில்லுக்குப் போகக் கோயில் வழியை விட்டு ஏரிக்கரையைச் சுற்றினான். தீவனத்தில் கலக்கிற சுண்ணாம்புக்கல் தூளை ஒரு லோடில் இரட்டிப்பாகக் கொட்டிவிட்டு, அதுவும் அவள் தண்டனை என்று நடுங்கினான். ஆனாலும் கட்டைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.

போட்டி அன்று காலை இருவரும் சேலம் பஸ் ஏறினார்கள். ஆட்டையாம்பட்டி வரும்வரை தாக்குப்பிடித்தான். அதற்கு மேல் முடியவில்லை.

"அம்மிணி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் மல்லிதான் வெச்சேன்."

"தெரியுமுங்க" என்றாள் சத்யபிரியா, பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்தபடி. "மிச்சப் பொட்டலத்துப் பூவத் தலையில வெச்சுக்கிட்டுத்தான் சுப்பம்மாக்கா நம்மூட்டுக்கு மோர் வாங்க வந்தாங்க. அரளியத் தலைக்கு வெப்பாங்களா?"

ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னாள். மோகன்குமாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று ஈனக் குரலில் கேட்டான்.

"எனக்கு வெள்ளையே வேண்டாமுங்க. செவப்பு வேணும்னு நான் வாயத் தொறந்திருந்தா நீங்களும் செவப்பத்தான் கேட்டிருப்பீங்க. அதான் வெள்ளைக்கு மல்லுக்கட்டுனேன்."

இப்படி ஒரு போட்டி வரும் என்று கடையில் பேச்சு அடிபட்ட நாள் முதலே, போட்டி அறிவிப்பதற்கு முன்னாலேயே, விடைத்தாள்களின் பின்பக்கத்தில் அவள் சிவப்புக் கட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாளாம். வெள்ளைக் கட்டுக்காரர் எப்படிக் கேடயம் நிறுத்தினாலும் அடியில் தீ வைப்பதற்கு எத்தனை சீட்டு வேண்டும் என்பது வரைக்கும்.

அப்படியெல்லாம் நான் கேட்பேனா என்று ரோஷத்தோடு ஆரம்பித்த மோகன்குமார் பாதியில் நிறுத்தினான். கட்டிலில் சுவரோரம், மாம்பழத்தில் கொட்டைப் பக்கம், அவள் முதலில் தொட்டது எதுவோ அதுதான் அவனுக்கும் பிடித்திருந்தது. இப்போது உட்கார்ந்திருக்கும் ஜன்னல் சீட்டுகூட அவள் கேட்டதால் அவன் முந்திப் பிடித்ததுதான். அந்தப் பக்கம் வெயில் சுள்ளென்று அடித்தது.

சரி, தப்பு தப்புதான், கட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றான். பொய்யாகக் கேட்ட பூ செல்லாது என்று நியாயமும் பேசினான்.

"பூ வந்துருச்சுங்களே" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "பொட்டலம் நீங்க கட்டுனது. எடுத்துக் குடுத்தது அவ சந்நிதியில. பன்னெண்டு வருசமா நான் பூவுக்குக் கட்டுப்பட்டேன். ஒரு ஞாயித்துக்கெழமை நீங்க கட்டுப்படுங்க."

அந்தப் பன்னிரண்டு வருடமும் அவள் எதையும் மறக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மோகன்குமார் மோசமாக ஆடினான் என்று சொல்ல முடியாது. கேடயக்காரர்களை வரிசையாக இறக்கினான், ஈட்டிக்காரர்களை ஏவினான், ஐந்தாவது சுற்றில் பெரியப்பாவையே கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அவள் பெரியப்பாவைத் தொடவே இல்லை. அவருக்குப் பின்னால் கோட்டைக்கு நேராக நெருப்பு வைத்தாள். பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

இறுதிப் போட்டியிலும் அவளே ஜெயித்தாள். அலெக்ஸ் பலகையில் சத்யபிரியா என்று எழுதியபோது கடையிலேயே பலமாகக் கைதட்டியவன் மோகன்குமார்தான். வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருந்தது. சந்தோஷம் அதைவிடக் கூட இருந்தது அவனுக்கே ஆச்சரியம்.

அடுத்த வருடமும் ஒரே நிறம்தான், இப்போதே நிறத்தைச் சொல்லிவிட்டால் எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று அலெக்ஸ் நோட்டைப் பிரித்தார். கோயிலில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மோகன்குமாரின் வாய் வரைக்கும் வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரிடமும் எதையும் கேட்காமல், சிவப்பு என்றான்.

பேனா நோட்டைத் தொடுவதற்குள் சத்யபிரியா சொன்னாள்: "எனக்கும் செவப்புதானுங்க வேணும்."

அது நிஜமா பொய்யா என்று மல்லசமுத்திரம் வந்து சேரும்வரை மோகன்குமார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் முறுக்குத் தின்றுகொண்டே வெளியே வேடிக்கை பார்த்தாள்.